டீசல் வண்டி புறப்பட்ட வாரம்

எனக்கு வாய் நீளம் என்பது அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் ஐசலினில் எல்லோருக்கும் தெரியும். கண்ட இடத்தில் எல்லாம் பேசிவிட்டு, பேசியே ஆக வேண்டிய ஒரு நாளில் பொய் சொன்னவன் நான்.

1986 டிசம்பர். அப்போது வீட்டு பேஸ்மென்ட்டில் ஹாம் ரேடியோ வைத்திருந்தேன். அண்டார்டிகாவில் வேலை செய்பவர்கள் அதில் கூப்பிட்டால், டெலிபோனோடு இணைத்து அவர்களைக் குடும்பத்தோடு பேச வைப்பேன். ஒருவர் 'ஓவர்' சொன்ன பிறகுதான் மற்றவர் பேச முடியும். "நீங்க அடுத்தவாளைப் பேச விடறது அங்க மட்டும்தான்" என்பாள் என் மனைவி ஷ்யாமளா.

மோசஸ் அண்டார்டிகாவில் டிராக்டர் மெக்கானிக். கப்பலில் வந்து இறங்கும் டீசலையும் சாப்பாட்டுச் சாமான்களையும் பெரிய சறுக்கு வண்டிகளில் ஏற்றி, ஆறு டிராக்டர்கள் பனிமேல் இழுத்துக்கொண்டு உள்ளே தள்ளியிருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும். மனிதன் நடக்கிற வேகம்தான். போய்ச் சேர இருபது நாள். கிளம்பிவிட்டால் நடுவில் இறங்கித் திரும்ப வழி கிடையாது.

அவன் மனைவி ஜெபராணி எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சமையலறையில் மயங்கி விழுந்தாள். வயிற்றில் கட்டி, திங்கட்கிழமையே ஆபரேஷன் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"அண்ணா, அவர்ட்ட சொல்லிடாதீங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு இல்லாம வண்டி எப்படிப் போகும்? டீசல் போகலேன்னா உள்ள இருக்கறவங்க குளிர்ல என்ன பண்ணுவாங்க? எல்லாம் முடிஞ்சதும் நானே சொல்லிக்கிறேன்."

ஷ்யாமளா ஒப்புக்கொள்ளவில்லை. "அவ அப்படித்தான் சொல்லுவா. நீங்க சொல்லிடுங்கோ."

"தூரத்துல இருக்கறவன்கிட்ட இதையெல்லாம் யாராவது சொல்லுவாளா? உனக்கு மூளை இருக்கா?" என்று கத்தினேன். என் அப்பா மெட்ராஸில் தவறிப்போனபோது பதிமூன்று நாள் கழித்துத்தான் எனக்குக் கடிதம் வந்தது. அன்று நான் போனில் என் அண்ணனைத் திட்டிய திட்டு கொஞ்சமா நஞ்சமா? அப்படிப்பட்ட நான்தான் இப்போது அதே காரியத்தைச் செய்யத் துணிந்தேன்.

ஞாயிறு மத்தியானம் மோசஸ் கூப்பிட்டான்.

"சாமி அண்ணா, ஜெபா ஃபோன் எடுக்கலியா? ஓவர்."

"கேரல் பிராக்டிஸுக்கு சர்ச்சுக்குப் போயிருக்கா. ஓவர்." பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"நாளைக்குக் காலைல வண்டி கிளம்புதுண்ணா. அதே நேரத்துல ஊருக்கு ஒரு ப்ளேனும் போகுது. என்னவோ மனசு சரியில்ல. வீட்ல ஏதாவதுன்னா சொல்லுங்க, அதுல ஏறிடறேன். ஓவர்."

பொத்தானை அழுத்தினேன். அவ்வளவு நேராக அவன் கேட்டுவிட்டான். பக்கத்தில் ஷ்யாமளா நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லடா. எல்லாரும் சௌக்கியம். நீ கவலைப்படாம கிளம்பு. ஓவர்."

ஷ்யாமளா மாடிக்குப் போய்விட்டாள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. நாலாம் நாள் காய்ச்சல் கண்டது, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. கரையில் இருந்த அவர்கள் முகாமுக்குச் சொல்லி, வண்டிக்குத் தகவல் போவதற்குள் அவர்கள் திரும்ப முடியாத தூரம் போயிருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஜெபராணி போய்விட்டாள். மீதி எட்டு நாளும் மோசஸ் அந்த டிராக்டரை ஓட்டினான். அவன் வீடு வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

ஜனவரியில் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து சோஃபா நுனியில் உட்கார்ந்தான். குளிரில் மூக்கும் கன்னமும் தோல் உரிந்து கறுத்திருந்தன. அவன் என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணா. என்னைக் கேட்டாளா?"

இந்த முறை பொய் சொல்லவில்லை. "கேட்டா. காய்ச்சல் வந்ததுலேந்து தினம் கேட்டா. அவரை வரச் சொல்லுங்கண்ணான்னா." எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீ இல்லேன்னா வண்டி போகாதுன்னு நெனச்சோம், மோசஸ்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"முகாம்ல இன்னொரு மெக்கானிக் இருந்தானேண்ணா. நான் போறேன், நான் போறேன்னு கெஞ்சினான். உங்ககிட்ட பேசிட்டு வந்துதான், வீட்ல எல்லாரும் சௌக்கியம், நானே போறேன்னு அவன்கிட்ட சொன்னேன்."

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.