ஆற்றுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வருஷம்

1

இந்தக் கதை சுகாதார நிலையத்துச் சுவரில் கிடைத்தது. அங்கே ஒட்டியிருந்த அட்டவணையில் எங்கள் மாவட்டத்தின் சராசரி ஆயுள் அறுபத்திரண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் எழுபத்து நான்கு. ஒரே நாடு, நடுவில் ஒரு பாலம். அப்பாவுக்கு வயது அறுபத்தொன்று. ஓடிவந்து நோட்டைத் திறந்தேன். (எட்டாம் வகுப்போடு நின்றவள் கதை எழுதுவாள் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. வசதிதான்.)

2

தொடக்கம் ஒன்று: "கல்லுடைக்கும் ஆலையிலிருந்து அப்பா, அந்தி சாயும் வேளையில்..." வேண்டாம். கதைகளில் அந்தி சாய்ந்தாலே யாராவது செத்துப்போகிறார்கள்.

தொடக்கம் இரண்டு: அப்பாவை அக்கரையில் குடிவைத்தேன். பன்னிரண்டு வருஷம் இலவசம். அந்த மனுஷன் கதைக்குள்ளும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

3

அப்பாவுக்கு இன்னும் ஒரே வருஷம்தானா என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். (தரையைப் பார்த்துத்தான்.)

"அடி அசடே, உங்கப்பா அறுபதைத் தாண்டிட்டாரு. இன்னும் பதினஞ்சு வருஷம் உங்க உசிரை வாங்குவாரு. இங்க பச்சப்புள்ளைங்க நிறைய போயிடுது, அதான் சராசரி இறங்குது. அங்க எந்நேரமும் டாக்டர் இருக்காங்க. இங்க நான்தான் இருக்கேன்."

மூன்று வாரமாகத் தப்பான ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். காப்பாற்ற வேண்டியவள் ஒன்பது மாத வயிற்றோடு அடுப்படியில் நின்று உப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். என் அக்கா.

4

"அப்பா, பிரசவத்துக்கு அக்காவ அக்கரை ஆஸ்பத்திரிக்கு..."

நான் விழுங்கிய மீதியை இங்கேயும் எழுதப்போவதில்லை. வாய் வராததால், யாருக்கும் காட்டாத இந்த நோட்டை அப்பா கையில் கொடுத்தேன்.

படித்தார். "என்னை ஏன்டி துரத்திவிட்ட?"

"நீங்கதான் திரும்பி வந்துட்டீங்களேப்பா."

"ஏய், சிரிக்க வைக்காதடி, இங்கயே பெத்துடப்போறேன்!" என்றாள் அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அப்பா சிரிக்கவில்லை. மூன்றாம் பகுதியை மறுபடி படித்தார்.

"காலைல முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

5

முடிவு அ: பிரசவ அறைக்கு வெளியே நான்... இல்லை. முடிவு ஆ: டாக்டர் கதவைத் திறந்து... இதை எழுதவே மாட்டேன். என் கை ராசி எப்படியென்று எனக்கே தெரியாது.

இப்போது அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். பாலம் இன்னும் வரவில்லை. பேனா உங்களிடம். பெண்ணோ பையனோ, அந்தப் பிள்ளை எத்தனை வயது வரை வாழ்ந்தது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எண்பதுக்குக் கீழே எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.