பாராட்டு முடியட்டும்

நாற்பது வருடமாக ஜாஸ் வாசிக்கும் சாக்ஸபோன்காரருக்குப் பாராட்டு விழா. தன் புதிய மெட்டைக் கடைசியில் வாசிக்கலாம் என்று சங்கத்தார் சொன்னதால்தான் வந்தார். சாக்ஸபோனில் செருகும் நாணல் சீவல் எச்சிலில் ஊறினால்தான் சத்தம் ஒழுங்காக வரும். அதை வாயில் அதக்கிக்கொண்டு மேடையில் காத்திருந்தார்.

சங்கத் தலைவர் பிடித்த மைக்கை விடவில்லை. "அண்ணன் புல்லாங்குழல் ஊதினா கல்லும் கரையும்!"

"ம்ம்ம்!" என்று பதறினார் சாக்ஸபோன்காரர்.

"பாருங்க, கூச்சப்படுறாரு. நிறைகுடம் தளும்பாது!"

கைதட்டல். அடுத்து செயலாளர், பிறகு செயலாளரின் மச்சான் என்று ஆளுக்கொரு பாட்டம் பேசினார்கள்.

முன்வரிசையிலிருந்து மனைவி பல்லைக் கடித்தாள். "அதத் துப்பிட்டு, போதும்னு சொல்லுங்களேன்!"

துப்பினால் மறுபடி ஊறவைக்க வேண்டும். அதற்குள் இன்னொருவர் மைக்கைப் பிடித்துவிடுவார். சாக்ஸபோன்காரர் மறுத்துத் தலையாட்டினார்.

கடைசியில் தலைவர் குனிந்து, "அண்ணே, ஹாலைப் பூட்டணுமாம். வாசிப்பை இன்னொரு நாள் வச்சுக்கலாமா?" என்றார்.

சாக்ஸபோன்காரர் சீவலைப் பொருத்தி, மெட்டின் முதல் வரியை ஆத்திரத்தோடு ஊதினார். கூட்டம் சட்டென்று எழுந்து வாசலைப் பார்த்து நடந்தது.

தலைவருக்கு முகமெல்லாம் பல். "விழா முடிஞ்சுதுன்னு அண்ணனே சங்கு ஊதிட்டாரு!"