தாடிக்காரன்

கோழிக்கடைக்காரி கையைக் கழுவிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது, மதில்மேல் பூனை தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. ஆண் குருவியின் தலை மட்டும் மிச்சம். கண் திறந்தே இருந்தது.

நாளெல்லாம் கழுத்தறுத்து நீல டிரம்முக்குள் போடுகிறவள் அவள். உள்ளே கால்கள் தடதடவென்று அடித்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டே அடுத்த கோழியின் எடையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்தச் சுண்டைக்காயளவு தலையைத் தொடக் கை வரவில்லை. துடைப்பத்தால் தள்ளிவிட்டாள்.

கொய்யா மரத்துப் பெட்டிக்குள் மூன்று குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. பழம் வரும் பெட்டியின் பலகைகளை அறுத்து அவள் புருஷன் செய்த கூடு அது. மகள் எட்டிப் பார்க்கட்டும் என்று மூடிக்குக் கீல் வைத்திருந்தான். குருவி குடிவந்ததை அவன் பார்க்கவில்லை. பெட்டியை மாட்டிய கொஞ்ச நாளிலேயே, கடை வாசலில் குடித்துவிட்டு அடித்துக்கொண்ட இரண்டு பேரை விலக்கப் போனான். கத்தி யாருக்காக ஓங்கியதோ, இறங்கியது இவன் வயிற்றில். கத்தியும் வெளியாள் கத்தியில்லை. வெட்டுக்கட்டை மேலிருந்து எவனோ எடுத்தது.

தாய்க்குருவி தனியாளாக அலைந்தது. மறுநாள் காலை, இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் பல் துலக்கும் வாயோடு ஓடி வந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

"அம்மா, பெட்டி மேல தாடிக்காரன் உக்காந்திருக்கான்! புது அப்பா வந்தாச்சு!"

செத்ததைவிடப் பெரிய ஆண் குருவி. தொண்டைக் கருப்பு மார்புவரை இறங்கியிருந்தது. பெட்டியின் கூரையில் நின்று, சொந்த வீடு மாதிரி கத்தியது.

"சத்தம் போடாத, பறந்துடும்" என்றாள் அம்மா. அவளுக்கும் மனசு லேசானது. பாவம், ஒத்தாசைக்கு ஒரு ஆள்.

மத்தியானம் கடை மூடியதும் அவளுடைய அண்ணன் வந்தான். கூடவே வேன்காரர். பண்ணையிலிருந்து கடைக்குக் கோழி கொண்டுவருகிறவர் அவர்தான். முகம் மழமழவென்று சவரம் செய்து, வாலுக்குக் கலர் பென்சில் வாங்கி வந்திருந்தார். அண்ணன் மூன்று மாதமாகச் சொல்லிவருகிற இடம். அவளுக்கும் வெறுப்பு ஒன்றும் கிடையாது. மற்ற டிரைவர்கள் கோழிப் பெட்டியை எறிவார்கள், இவர் இறக்கிவைப்பார். தன் மகளுக்கு இந்த மனிதர் என்னவாக இருப்பார் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை எப்படி வாயைத் திறந்து கேட்பது?

பின்கட்டில் நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். அண்ணன் மரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"பாத்தியா? குருவிக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லையே. பழசைப் பூனை தின்னு முழுசா ஒரு நாள் ஆகல, அது பாட்டுக்கு ஒருத்தனச் சேத்துக்கிச்சு."

"அதுக்கு அண்ணன் கிடையாது. அதான் தானா முடிவு பண்ணுது."

வேன்காரர் டீ சிந்தச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. சரி என்று சொல்லிவிடலாம் என்றுகூட வாய்வரை வந்தது.

அப்போதுதான் வாலு அலறினாள்.

தாடிக்காரன் பெட்டித் துளையில் தொங்கிக்கொண்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். இறகு முளைக்காத குஞ்சு. உச்சந்தலைத் தோலைக் கவ்வி வெளியே இழுத்து, உதறிப் போட்டான். தாய்க்குருவி அம்பு மாதிரி வந்து அவன் முதுகில் ஏறியது. இரண்டும் உருண்டு தரையில் விழுந்தன. அவன் அதை மல்லாத்திப்போட்டு, மேலே நின்று கண்ணைப் பார்த்துக் கொத்தினான். இறகு பறந்தது. அது ஒரு சிறகை இழுத்துக்கொண்டு செடிக்குள் புகுந்ததும், மறுபடி பெட்டிக்குப் போனான். இரண்டாவது குஞ்சு வெளியே விழுந்தபோது மண்டையில் ஓட்டை இருந்தது. வாய் மட்டும் இரை கேட்டுத் திறந்து திறந்து மூடியது.

வாலு அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். "இவன் அப்பா இல்லையாம்மா?"

அம்மா அதற்குள் ஸ்டூலில் ஏறியிருந்தாள்.

"விடுங்கம்மா, குருவி ஜாதியே அப்படித்தான்" என்றார் வேன்காரர். ஆறுதலாகத்தான் சொன்னார். "அடுத்தவன் குஞ்சுக்கு எவன் இரை தேடுவான்? இதுங்க போச்சுன்னா, அடுத்த வாரமே தாய் அவனுக்கு முட்டை போட்டுடும்."

"மாப்ள, கொஞ்சம் வாய மூடு" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

தாடிக்காரன் மூன்றாவதற்காக உள்ளே போனான். அவள் இடது உள்ளங்கையால் துளையை அடைத்தாள். உள்ளேயிருந்து கொத்து விழுந்தது. ரத்தம் மணிக்கட்டு வழியாக இறங்கியது. வலது கையால் மூடியைத் தூக்கி உள்ளே விட்டாள். விரலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வந்தது. ஒரு சுண்டு. தீக்குச்சி ஒடிகிற சத்தம்.

மிச்சமிருந்த குஞ்சு அவள் விரலைப் பார்த்து வாயைப் பிளந்தது.

வேன்காரரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "நான் குருவியைத்தாங்க சொன்னேன்."

"தெரியும். நானும் குருவியைத்தான் கொன்னேன்." ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "டீ ஆறுது. குடிச்சிட்டுக் கிளம்புங்க. லோடு எப்பவும்போல வரட்டும்."

அண்ணன் எதையோ ஆரம்பித்தான். அவள் கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

கடைப்பக்கம் வாலுவை அவள் விட்டதே கிடையாது. அம்மாவின் கைவேலையை இன்றைக்குத்தான் குழந்தை பார்த்தது.

"கடையிலயும் இப்படித்தான் பண்ணுவியா?"

"ஆமா."

வாலு ஓரடி பின்வாங்கினாள். செத்த குஞ்சுகளைக் குழிதோண்டிப் புதைக்கும்போது, அம்மா மண் தள்ள நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். அதற்குத்தான் அம்மா அழுதாள். வாய்விட்டு, மரத்தடியில் உட்கார்ந்து. பொழுது சாய்கிற நேரத்தில், தொங்குகிற சிறகோடு தாய்க்குருவி ஒரு பச்சைப்புழுவைக் கவ்விக்கொண்டு கிளை கிளையாகத் தாவி ஏறியது. பெட்டிக்குள் ஒற்றைக் குரல் கேட்டது.

காலையில் கரண்ட் கம்பியில் இன்னொரு ஆண் உட்கார்ந்து கத்தியது.

அவள் கடையிலிருந்து வெட்டுக்கட்டையை உருட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் போட்டு, நீளக் கம்புத் துடைப்பத்தோடு அதன்மேல் உட்கார்ந்தாள். வாசலில் வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

"அக்கா, கடை திறக்கலையா?"

"இன்னிக்குக் கோழிக்கு லீவு!"

வேன் வந்து நின்றது. பெட்டிகளை ஒவ்வொன்றாக, எறியாமல், இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. வேன் போன பிறகு வாலு ஒரு குச்சியோடு வந்து மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"வந்தா கொல்லணுமா?"

"விரட்டினா போதும்."

"போகலன்னா?"

அம்மா கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருவி தலையைச் சாய்த்துப் பெட்டியைப் பார்த்தது.