வோல்க்மாரின் மிச்சத் தண்ணீர்

எங்கள் தொழிற்சாலை பீர் கிளாஸ் கீழே விழுந்தால் உடையாது, துள்ளும். கிளாஸை உருகிய உப்பில் முக்கி அதன் மேல்தோலை இறுக்குவது என் கணவர் வோல்க்மாரின் வேலை. அதை அழுத்தி உடைத்துப் பார்ப்பது என் வேலை. "நான் கட்டுறதையெல்லாம் நீ இடிக்கிறே" என்று வீட்டில் ஓயாமல் வம்புக்கு இழுப்பார்.

மதுக்கடையில் ஒரு வித்தை காட்டுவார். குடித்து முடித்த கிளாஸைச் சட்டை நுனியால் துடைத்து, விளக்கில் காட்டி, கல்தரையில் போடுவார். அது துள்ளும், கடையே கைதட்டும். துடைப்பது பந்தா என்று எல்லோருக்கும் நினைப்பு. பந்தாவாவது மண்ணாங்கட்டியாவது! கீறல் விழுந்த கிளாஸ் ஈரமாக இருந்தால் குறைந்த பாரத்துக்கே உடைந்துவிடும், தண்ணீர் கீறலுக்குள் புகுந்து வேலையைக் காட்டும். அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

பிப்ரவரியில் அவரை ட்ரெஸ்டன் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி வந்தபோது, வீட்டிலிருந்த, கீறல் விழுந்த பழைய தொழிற்சாலைக் கிளாஸில் பாதித் தண்ணீர் குடித்திருந்தார். "மிச்சத்த வந்து குடிக்கிறேன், கொட்டிடாதே" என்றார். வரவில்லை, சில வாரம் கழித்து அங்கேயே போய்ச்சேர்ந்தார். நானும் கொட்டவில்லை. வற்றிவிடக் கூடாதென்று தட்டால் மூடி ஜன்னலோரம் வைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவர் எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பிக்கு வீட்டுக்கு வந்தார்கள். நான் சமையலறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். உருகிய உப்புத் தொட்டியருகே அவரோடு வேலை பார்த்த ஹார்ட்முட், வோல்க்மாருக்காக இன்று கிளாஸை நான் போடுகிறேன் என்று கூடத்தில் சொல்வது கேட்டது. தட்டு நகரும் சத்தமும் கேட்டது. கத்தியோடு ஓடினேன். கிளாஸ் காலியாக, ஈரமாக, அவன் கையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"துடைடா!" என்று கத்தினேன்.

துள்ளவில்லை. தூள்தூளாகிவிட்டது.

வாயில் வந்தபடி திட்டினேன். கிளாஸ் போனால் போகிறது, தண்ணீரை எங்கே கொட்டித் தொலைத்தாய் என்று கேட்டேன். ஹார்ட்முட் மண்டியிட்டு சில்லுகளைத் தொப்பியில் பொறுக்கிக்கொண்டே அழுதான்.

"கொட்டல, கெர்லிண்டே. குடிச்சுட்டேன். அந்தத் தொட்டிச் சூட்டுல பத்தொன்பது வருஷமா அவன் மிச்சத்த நானும், என் மிச்சத்த அவனும்தானே குடிச்சோம்."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "வெறும் தண்ணிதான்" என்றான்.

பிப்ரவரியிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.