பாதி நோய் போச்சு

தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு ஃப்ரேமைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தபோது சிட்டுவின் அம்மாவுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது.

"கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா? பயப்படாதீங்க, உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார் வகுப்பு டீச்சர்.

'பயப்படாதீங்க' என்று யார் சொன்னாலும் அவளுக்குப் பயம்தான் வரும். கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கேட்டுக் கேட்டு அப்படி ஆகிவிட்டது. அவன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

பள்ளியில் டீச்சர் சிட்டுவின் கணக்கு விடைத்தாளை நீட்டினார். அழித்து அழித்துத் தாள் பல இடங்களில் கிழிந்திருந்தது.

"குடுக்கவே மாட்டேன்னு நெஞ்சோட புடிச்சிக்கிட்டு அழுதா. அப்புறம் வாந்தி எடுத்துட்டா. இத்தனைக்கும் ஒரு கணக்குகூடத் தப்பில்லம்மா. எதுக்கு அழிச்சான்னுதான் எனக்குப் புரியல."

அம்மாவுக்கும் புரியவில்லை. துக்கம் முடிந்து சில மாதம் கழித்து வந்த சொந்தக்காரர்களெல்லாம், 'அப்பா போன பிறகும் படிப்புல பிசகவே இல்ல பாரு, கெட்டிக்காரி' என்று மெச்சிவிட்டுப் போனார்கள். அவளும் அதில் கொஞ்சம் ஆறுதல் அடைந்திருந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தானாகப் படிக்க உட்கார்ந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அன்றிலிருந்து என்னென்னவோ செய்து பார்த்தாள். "எம்பது வாங்கு போதும், உன்னை யாரு கேக்கப் போறா?" என்றாள். ரப்பரை எடுத்து ஒளித்துவைத்தாள். சிட்டு விரலில் எச்சில் தொட்டு அழித்தாள். திட்டினால் அழுதாள், கொஞ்சினால் அதைவிட அதிகமாக அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். சாதாரண ஜலதோஷக் காய்ச்சல்தான். போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தவள் மதியம் கண் விழித்தபோது, கட்டிலோரமாகத் தரையில் சிட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கசக்கிப் போட்ட தாள்கள்.

"சாப்டியாடி?"

"முடிச்சிட்டு."

"லீவு நாள்ல என்னத்த முடிக்கப் போற?"

"ஒரு பக்கம் தப்பில்லாம வரணும். வந்தா உனக்குச் சரியாயிடும்." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "யாருடி சொன்னா உனக்கு?"

"அப்பாதான்."

அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் சாய்ந்திருக்க, சிட்டு நூற்றுக்கு நூறு வாங்கிய பேப்பரைக் காட்டினாள். பஸ் ஓட்டுநர் அவன். கூட்டத்தில் நின்று வருகிறவர்களையும் சிரிக்கவைத்தே கொண்டுபோய்ச் சேர்ப்பவன். "அடேங்கப்பா, இதைப் பாத்ததும் எனக்குப் பாதி நோய் போச்சு! இன்னொரு நூறு வாங்கிட்டு வா, மிச்சமும் போயிடும். டாக்டருக்குத்தான் பொழப்பு போச்சு" என்றான். நர்ஸ் சிரித்தாள். அம்மாவும் அன்று வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"அடுத்த பரீட்சையில ஒரு கணக்கு தப்பாயிடுச்சும்மா. கூட்டல்தான். அவசரத்துல போட்டேன். அப்பா பேப்பர் எங்கன்னு கேட்டாரு. இன்னும் குடுக்கலன்னு பொய் சொன்னேன். மறுநாளே..."

சிட்டு பென்சிலை இறுகப் பிடித்திருந்தாள்.

அம்மா கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தாள். அவள் பாவம், ஒண்டியாக ஒரு கொலைப்பழியைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"அது சும்மா ஒரு பேச்சுடி. சந்தோஷத்துல சொல்றது. அப்பாவுக்கு வந்த நோய் ரொம்பப் பெரிசு. டாக்டர் எங்க ரெண்டு பேர்கிட்டயும் முன்னாடியே சொல்லிட்டாரு, காப்பாத்த முடியாதுன்னு. நீ அந்தப் பரீட்சை எழுதறதுக்கு ரொம்ப முன்னாடியே. அப்பாவுக்குத் தெரியும். உனக்குத்தான் நாங்க சொல்லல."

சிட்டு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்ப, பாதி நோய் போச்சுன்னு அப்பா பொய் சொன்னாரா?"

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வந்து பக்கத்துல நின்னா அவருக்கு வலி தெரியாது. அது நெஜம். உன் பேப்பராலே இல்ல. வெறும் கையோட வந்திருந்தாலும் அப்படித்தான்."

"நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியலம்மா" என்றாள் அம்மா. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜுரம் அம்மாவின் உடம்பில் அனலாக அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அம்மா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச காலம் சிட்டுவின் தாளில் மதிப்பெண்ணே போடுவதில்லை என்றார். பள்ளிக்கு வந்துபோகும் மனநல ஆலோசகரிடமும் சொல்லிவைத்தார். அந்தம்மாவிடம் சிட்டு அப்பா ஓட்டிய பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசினாள்.

நல்லது உடனே நடந்துவிடவில்லை. சில நாள் தாள் கிழிந்தது, சில நாள் கிழியவில்லை. மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் சிட்டு கணக்குத் தாளை யாரும் கேட்காமல் தானாகவே கொண்டுபோய் டீச்சர் மேஜையில் வைத்தாள். வீட்டுக்கு வந்து சீக்கிரமே படுத்துவிட்டாள்.

விடியற்காலையில் அம்மா மூக்கருகே ஏதோ குறுகுறுக்கக் கண் விழித்தாள். சிட்டு கட்டிலோரம் நின்று, அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ரெண்டு கணக்கு தப்பும்மா. தெரிஞ்சே குடுத்துட்டேன்."

"சரி."

"உனக்கு ஒண்ணும் பண்ணலையே?"

"ஒண்ணும் பண்ணல. வா, படு."

நகர்ந்து இடம் கொடுத்தாள். சிட்டு ஏறிப் படுத்து அம்மாவின் மார்பில் காதை வைத்துக்கொண்டாள். அவள் தூங்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. வெளியே நன்றாக வெளுக்கும்வரை இருவரும் அசையாமல் கிடந்தார்கள்.