பத்தாவது கையெழுத்து

சொந்தக் கட்சியிலேயே சீட்டுக் கேட்டு மல்லுக்கட்டிய ஜெகனை ஒருவழியாகச் சமாளித்துவிட்டார் எம்.எல்.ஏ. எழிலரசி. இப்போது எழிலரசியை எதிர்க்கவென்றே ஏகாம்பரம் சுயேச்சையாகக் கிளம்பியிருந்தார்.

மனுத்தாக்கலின் கடைசி நாள். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டு முன்மொழிய வேண்டும். பத்தாவது ஆள் பயந்து கம்பி நீட்டிவிட்டான். பூந்தமல்லி தாலுகா ஆபீஸ் வாசலில் ஏகாம்பரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்து, எழிலரசியின் டிரைவர் சம்பத்துக்கு உள்ளூரக் குஷி.

"சம்பத்து, குமணன்சாவடில தானே உனக்கு ஓட்டு? போய் அவருக்குக் கையெழுத்துப் போடு" என்றார் எழிலரசி.

"அக்கா! நம்ம ஓட்டைப் பிரிச்சிடுவாருக்கா."

"ஒரு கையெழுத்து இல்லாம அவர் வெளில போயி நான் ஜெயிச்சா, அது இன்னாடா ஜெயிப்பு?"

போட்டுவிட்டு வந்தான். நெஞ்சு ஏனோ நிமிர்ந்திருந்தது.

"ஓட்டும் அவருக்கேவாக்கா?"

"அது உன் ஓட்டு. என்னை இன்னாத்துக்குக் கேக்குற?" என்றபடி கார்க் கதவைத் தானே திறந்துகொண்டார் எழிலரசி.