நூற்றுக்கு நூறு என்றார் அத்தான்

1.

இந்தக் கதை என் அக்காவின் எரிச்சலில் பிறந்தது. ஒரு நாள் விடுவிடுவென்று வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், "உங்க அத்தானைப் பத்திக் கதை எழுது. நான் சொன்னா காதுல ஏறல, அச்சுல பார்த்தாலாவது உறைக்கட்டும்" என்றாள். கதை என்றால் தலைவலி மாத்திரை என்று அவளுக்கு நினைப்பு.

2.

முதல் வரி இப்படி இருந்தது: "மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் காலை வெயில்…"

வேண்டாம். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அக்கா பிசியோதெரபிஸ்ட். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவள். வீட்டுக்கு அனுப்புமுன் அவர்களிடம் கேட்பாள்: மழை பெய்தாலும் நடப்பீர்களா? அசதியாக இருந்தால்? விருந்தாளி வந்திருந்தால்? ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று சொல்ல வேண்டும். (நம்பிக்கையைத் தராசில் நிறுப்பாயா என்று கிண்டல் செய்திருக்கிறேன். எங்கே குறைகிறதோ அங்கேதான் கைகொடுக்க முடியும் என்றாள்.)

போன மாதம் அவளுடைய ஆஸ்பத்திரிக் கட்டிலில் அத்தானே படுத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். பழுதான லிஃப்டைப் பார்க்கப் படியேறிப் போனவர், பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரிடம் வேறு யாராவது கேட்கட்டும் என்று அக்கா விட்டிருக்கலாம். விடவில்லை. எல்லாக் கேள்விக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: நூறு.

வீட்டுக்கு வந்தபின் அவர் நடந்ததெல்லாம் கட்டிலிலிருந்து சோபாவுக்கு.

3.

அத்தானைச் சோம்பேறியாக்கினால் கதை சுலபமாக நகரும். இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். ஆனால் அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "பிடிவாதக்காரரான அவர்…" என்று மாற்றினேன். அதுவும் பாதியில் படுத்துவிட்டது.

கிழித்துப் போட்டுவிட்டு நேரில் போனேன். அக்கா அவர் காலடியில் ஷூவை வைத்துவிட்டு அதே கேள்விகளை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் சளைக்காமல் நூறு, நூறு என்றார்.

"யாருக்காக இந்த நூறு?" என்றாள்.

"உனக்காகத்தான். பத்துன்னு சொன்னா நீ தூங்கமாட்டே."

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்ணெல்லாம் கிடக்கட்டும், எதுதான் தடுக்கிறது என்று கேட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"நாலு எட்டு வெச்சதும் நெஞ்சு அடிச்சுக்குது. அன்னைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நடுத்தெருவுல விழுந்துட்டா?"

நடந்தால் நெஞ்சு துடிக்கத்தான் செய்யும், அது வேறு இது வேறு என்று அக்கா தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிறவள். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

"நான் கூட வர்றேன். அடிச்சா சொல்லுங்க, நிப்போம். இப்ப எவ்வளவு?"

அவர் யோசித்தார். "முப்பது."

முப்பதுக்கு ஒருத்தி அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

4.

முடிவுதான் உயிரை வாங்குகிறது. தினமும் நடக்கிறார் என்று முடி என்பது அக்காவின் கட்டளை. பொய் எழுதாதே என்பது அத்தானின் கட்டளை. இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தெருமுனை வரை போய்த் திரும்புகிறார்கள். இன்னொன்றில் (அந்தத் தாளை வீட்டில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை).

சரி, கேட்டே எழுதலாம் என்று இன்று சாயங்காலம் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அக்காவும் எடுக்கவில்லை, அத்தானும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எங்கே போயிருப்பார்கள் என்பதற்கு என்னிடம் இரண்டே பதில்தான் இருக்கிறது. இரண்டையும் எழுதமாட்டேன். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் இன்னொரு தடவை அடித்துப் பார்க்கிறேன்.